வீடு உண்டு, அடுப்பில் உலை இல்லை

‘எலி வளையானாலும் தனி வளை வேண்டும்’ என்பது நம் முன்னோர் வாக்கு. ஒரு துண்டுக் காணி, அதிலே ஒரு வீடு, முற்றத்திலே ஒரு கிணறு என்பவற்றைத் தேடுவதிலேயே வாழ்நாளைக் கழித்தவர்கள் நம்மவர்கள். பெண்பிள்ளை பிறந்த அன்றே அவளுக்குச் சீதனமாக எழுதவேண்டிய வீட்டைப் பற்றிய கவலையும் உடன் பிறந்துவிடுகிறது. இவ்வாறு அரும்பாடுபட்டுத் தேடிய சொத்து, துன்பம் நேர்ந்த காலத்தில் அரசாங்கத்தின் உதவியைப் பெறுவதற்குத் தடையாகவும் வந்து நிற்கலாம். அஃது எதனால் என்பதையும், எவ்வளவு நியாயம் என்பதையும் இவ்வாரம் சிறிது ஆராய்வோம்.

வருமானத்தை அளப்பது எப்படி?

1942 ஆம் ஆண்டிலே நம் நாட்டில் அரிசிப் பங்கீடு தொடங்கியபோது, ஏழை பணக்காரர் என்ற வேறுபாடு பார்க்கப்படவில்லை. 1978 ஆம் ஆண்டில், மாத வருமானம் 300 ரூபாவுக்குக் குறைந்த குடும்பங்களுக்கே பங்கீடு என்று வரையறுக்கப்பட்டது. அடுத்த ஆண்டு உணவு முத்திரை வந்தது. பின்னர் 1989 இல் ஜனசவியவும், 1995 இல் சமுர்த்தியும் தோன்றின.

வருமானத்தைக் கேட்டு உதவி வழங்குவது சொல்வதற்கு எளிது. ஆயின் செய்வதற்கு அரிது. மாதச் சம்பளம் பெறுவோரின் வருமானத்தைக் காகிதத்தில் காணலாம். கடலுக்குப் போகிறவரின் வருமானம் காற்றையும் மீனையும் பொறுத்தது. தோட்டம் செய்பவருக்கு ஒரு போகத்தில் கிடைப்பது மறு போகத்தில் கிடைப்பதில்லை. கூலி வேலை செய்வோருக்கு மழை பெய்தால் வேலை இல்லை. அவர்கள் சொல்லும் கணக்கை நம்புவதா, அயலவர் சொல்வதை நம்புவதா என்ற சிக்கல் எப்பொழுதும் இருந்து வந்தது.

ஆகவே, கண்ணுக்குப் புலப்படாத வருமானத்தை விட்டு, புலப்படும் பொருள்களைக் கொண்டு வறுமையை அளக்கும் முறை வந்தது. 2002 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்க நலன்புரி நன்மைகள் சட்டத்தின் கீழ், 2023 ஆம் ஆண்டு ஜூலையில் தொடங்கிய அஸ்வெசும திட்டம் இவ்வகையினது. கல்வி, சுகாதாரம், பொருளாதார நிலை, சொத்துக்கள், வீட்டு நிலைமை, குடும்ப அமைப்பு என்னும் ஆறு துறைகளில் 22 அளவுகோல்கள் வகுக்கப்பட்டன. தொடக்கத்தில் மிக வறிய குடும்பத்துக்கு மாதம் 15,000 ரூபாவும், வறிய குடும்பத்துக்கு 8,500 ரூபாவும் உயர்ந்த அளவாக விதிக்கப்பட்டன.

சொந்த வீடு இருக்கிறது என்ற ஒரு காரணத்தால் மட்டும் ஒருவர் தள்ளப்படுவதில்லை என்பதை வாசகர்கள் நினைவில் கொள்ளவேண்டும். எல்லாவற்றையும் சேர்த்து எடைபோட்டே முடிவு செய்யப்படுகிறது. எனினும் காணி, வாகனம், கல்வீடு ஆகியவை தராசின் ஒரு பக்கத்தைக் கீழே இழுத்துவிடுகின்றன.

சுவர் சொல்லாத கதை

சொத்தைப் பார்ப்பதிலே நியாயம் இல்லாமல் இல்லை. ஒரே கூலி பெறும் இரு குடும்பங்களில், ஒன்று சொந்த வீட்டிலும் மற்றொன்று வாடகை வீட்டிலும் வாழுமாயின், பின்னதன் துன்பமே பெரிது. மலையகத்தில் தலைமுறை தலைமுறையாக லயன் அறையில் வாழ்ந்தும், தமதென்று சொல்ல ஓரடி மண் இல்லாதவர்களின் வறுமையைச் சம்பளக் கணக்கு மட்டும் காட்டமாட்டாது.

மறுபக்கத்தையும் பார்ப்போம். போருக்குப் பின் வடக்கிலும் கிழக்கிலும் இந்திய அரசின் உதவியால் பல்லாயிரம் வீடுகள் எழுந்தன. ஒரு வீட்டுக்கு 550,000 ரூபா நன்கொடை கிடைத்தது. போதாமற்போன பணத்துக்குக் கடன்பட்டவர்களும் உண்டு. கணவனை இழந்த ஒரு தாய் அத்தகைய வீட்டில் மூன்று பிள்ளைகளுடன் வாழ்வதாக எண்ணிப்பாருங்கள். சீமெந்துச் சுவரையும் ஓட்டுக் கூரையையும் காண்கிறவர், அடுப்பில் உலை ஏறாததைக் காண்பாரா? வீட்டைச் சுட்டுத் தின்ன முடியாதன்றோ!

யாழ்ப்பாணத்திலே மகளுக்கு வீட்டைச் சீதனமாக எழுதிவிட்டு, சீவிய உரித்தை மட்டும் வைத்துக்கொண்டு தனித்து வாழும் முதியோர் உளர். வீடு பெரிது, உறுதியோ வேறொருவர் பெயரில். தேசவழமைப்படி, மணமான பெண் தன் காணியைக் கணவனின் எழுத்து மூலமான சம்மதமின்றி விற்கவும் இயலாது. பெயரளவில் உரிமை வேறு, பயன்படுத்தக்கூடிய செல்வம் வேறு.

பிற நாட்டு நடைமுறை

பிரித்தானியாவிலே இக்குறையை ஓரளவு நீக்க வழி கண்டிருக்கிறார்கள். யூனிவர்சல் கிரெடிட் என்னும் உதவியைக் கணக்கிடும்போது, குடும்பம் குடியிருக்கும் வீட்டின் பெறுமதி சேர்க்கப்படுவதில்லை. ஆனால் சேமிப்பும் பிற சொத்தும் 16,000 பவுணுக்கு மேற்படின் உதவி கிடையாது. இரண்டாவது வீடும் வெளிநாட்டுக் காணியும் இதில் அடங்கும். இலண்டனில் வாழும் நம்மவர் ஊரிலுள்ள காணியையும் தெரிவிக்கக் கடமைப்பட்டவர்கள். உதவி பெறும் நோக்கத்துடன் சொத்தைப் பிறர் பெயருக்கு மாற்றினால், அது இன்னும் அவர் கையில் இருப்பதாகவே கொள்ளப்படும்.

நாம் செய்யவேண்டியது

அவ்வப்போது மாறக்கூடிய ஓர் உதவித்தொகைக்காக வீட்டை அவசரப்பட்டு எவர் பெயருக்கேனும் எழுதிவிடுதல் பெருந்தவறு. எழுதிக் கொடுத்த உறுதியை மீளப் பெறுதல் எளிதன்று. பொய்த் தகவல் கொடுப்பதும் பின்னர் வில்லங்கமாகும். வீடு யாருடைய நன்கொடை, காணி எவர் பெயரில், கடன் எவ்வளவு என்பவற்றைப் பத்திரங்களுடன் உள்ளவாறு எடுத்துச் சொல்வதே நேர்வழி. முடிவு பிழையென்று தோன்றினால், குறித்த காலத்துள் பிரதேச செயலகத்தின் வழியாக மேன்முறையீடு செய்யலாம். 2023 இல் பல இலட்சம் மேன்முறையீடுகள் வந்தன. ஆகவே அதில் வெட்கத்துக்கு இடமில்லை.

எழுத வாசிக்கத் தெரியாத அயலவருக்கு அந்த விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுப்பது நம் மாணவர்கள் செய்யக்கூடிய சிறந்த தொண்டு. வீட்டின் சுவரை எவரும் அளந்துவிடலாம். அதனுள்ளே இருக்கும் பசியை அறிந்து சொல்ல அயலிலே ஒருவர் வேண்டும்.