உடைந்தும் காக்கும் கண்ணாடி

நுழையும்முன்

நாள்தோறும் நம் கண்முன் இருந்தும் நாம் பாராத பொருள் கண்ணாடி. அதன் ஊடாகப் பிறவற்றைப் பார்க்கிறோமே அன்றி, அதனைப் பார்ப்பதில்லை. உடையும்போதுதான் அப்படி ஒன்று அங்கிருந்தது நம் நினைவுக்கு வருகிறது. மகிழுந்தின் கதவுக் கண்ணாடி உடைந்தால் அதனை எவ்வாறு மாற்றுவது? அஃது ஏன் அவ்வாறு உடைந்தது? முதல் வினாவுக்குச் சரியான விடை, இரண்டாம் வினாவை அறிந்தவருக்கே கிட்டும். அதனை விளக்குகிறது இப்பாடம்.

புயலுக்குப் பின்

2016ஆம் ஆண்டு டிசம்பர் 12ஆம் நாள் வர்தா புயல் சென்னையைத் தாக்கியது. நகரிலும் தாம்பரத்தை ஒட்டிய தென்புறநகர்களிலும் எண்ணற்ற மரங்கள் சாய்ந்தன. தெருவோரம் நிறுத்தியிருந்த வண்டிகள் பலவற்றின்மீது கிளைகள் முறிந்து விழுந்தன.

அவ்வாறு அடிபட்ட மகிழுந்து ஒன்றைக் கூர்ந்து நோக்கினால் ஒரு வேறுபாடு புலப்படும். முன்கண்ணாடி சிலந்திவலைபோல் விரிசல் கண்டிருக்கும். ஆயினும் தன் இடத்தைவிட்டு விழாது. கதவுக் கண்ணாடியோ இருந்த இடம் தெரியாமல் உதிர்ந்துபோயிருக்கும். இருக்கையிலும் தரையிலும் கல்லுப்பைக் கொட்டியதுபோல் சிறுசிறு மணிகள் கிடக்கும். வீட்டுச் சன்னல் கண்ணாடி உடையும்போது தோன்றும் கத்திபோன்ற நீண்ட துண்டு ஒன்றையும் அங்குக் காண இயலாது.

ஒரே வண்டியில் பொருத்தப்பட்ட இரு கண்ணாடிகள் இருவேறு வகையில் உடைவது தற்செயல் அன்று. எவ்வாறு உடையவேண்டும் என்பது அவற்றை உருவாக்கும்போதே முடிவு செய்யப்படுகிறது.

வலிமையின் பிறப்பு

கண்ணாடி இயல்பில் வலிமை குன்றிய பொருள் அன்று. அதன் மேற்பரப்பில் கண்ணுக்குப் புலனாகாத நுண்விரிசல்கள் உள்ளன. இழுக்கப்படும்போது அவ்விரிசல்கள் விரிந்து பரவுவதால் கண்ணாடி உடைகிறது. இதனை ஆங்கிலேயப் பொறியாளர் ஏ.ஏ. கிரிஃபித் 1920ஆம் ஆண்டு விளக்கினார். அவ்வாறாயின், விரிசல் வாய்திறவாதபடி மேற்பரப்பை எப்போதும் இறுக்கியே வைத்திருந்தால் கண்ணாடி வலிமை பெறும் அன்றோ? கதவுக் கண்ணாடியின் தத்துவம் இதுவே.

முதலில் கண்ணாடித் தகட்டை உரிய வடிவில் வெட்டி, விளிம்புகளை மழுக்கி, வேண்டிய துளைகளையும் இட்டுவிடுவர். பின்னர் அதனை 600 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடாக்கி, கதவின் வளைவுக்கேற்ப வளைப்பர். உடனே இருபுறமும் குளிர்காற்றை விசையுடன் பாய்ச்சுவர். மேற்பரப்பு முதலில் இறுகிவிடும். உட்பகுதி பிறகே குளிரும். குளிரும்போது சுருங்க முயலும். முன்பே இறுகிவிட்ட மேற்பரப்பு அதற்கு இடங்கொடாது. இப்போராட்டத்தின் முடிவில் மேற்பரப்பு அமுக்கத் தகைவிலும் உட்பகுதி இழுவிசைத் தகைவிலும் நிலைத்துவிடுகின்றன. அசையாது நிற்கும் கண்ணாடிக்குள் இரு விசைகள் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன.

இக்கண்ணாடியைக் கடினப்படுத்திய கண்ணாடி என்பர். கடைகளில் 'டஃபன் கிளாஸ்' என்று வழங்குவர். அதே பருமனுள்ள சாதாரணக் கண்ணாடியைவிட இது நான்கு முதல் ஐந்து மடங்கு வலிமை உடையது. எனினும், கூரிய ஒன்று அதன் மேற்பரப்பைத் துளைத்து இழுவிசைப் பகுதியைத் தீண்டிவிட்டால் சமநிலை குலையும். நொடிக்கு ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர் விரைவில் விரிசல் கிளைத்துப் பரவும். கண்ணிமைப்பதற்குள் முழுக்கண்ணாடியும் மழுங்கிய மணிகளாகும்.

இவ்வியல்பை முன்பே காட்டியது 'இளவரசர் ரூபர்ட் துளி' என்னும் விந்தைப் பொருள். உருகிய கண்ணாடியைத் தண்ணீரில் சொட்டவிட்டு இதனை உருவாக்குவர். இதன் தலைப்பகுதி சுத்தியல் அடியையும் தாங்கும். வால்நுனியைச் சற்றே கிள்ளினால் முழுவதும் தூளாகும். 17ஆம் நூற்றாண்டில் இலண்டன் அரசவைக் கழக அறிஞர்கள் இதனை வியந்து ஆராய்ந்தனர்.

ஒட்டி நிற்கும் முன்கண்ணாடி

முன்கண்ணாடி மணிமணியாக உதிருமாயின், ஓடும் வண்டியின் ஓட்டுநர் கண்ணில் அது மழைபோல் பொழியும். ஆகவே அதற்கு வேறொரு வழி தேவைப்பட்டது. பிரெஞ்சு நாட்டு வேதியியல் அறிஞர் எதுவார் பெனடிக்டஸ் 1903ஆம் ஆண்டு தம் ஆய்வகத்தில் ஒரு கண்ணாடிக் குடுவை தவறி விழுந்தும் சிதறாததைக் கண்டார். முன்னர் அதில் வைத்திருந்த செல்லுலோசு நைட்ரேட்டுக் கரைசல் உலர்ந்து, உட்சுவரில் மெல்லிய படலமாய்ப் படிந்திருந்தது. உடைந்த துண்டுகளைச் சிதறாமல் பற்றியிருந்தது அப்படலமே. அதிலிருந்து அடுக்குக் கண்ணாடி பிறந்தது. இன்று இரு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே நெகிழிப் படலம் வைத்து முன்கண்ணாடியைச் செய்கின்றனர்.

தெரிந்து தெளிவோம்

உருகிய வெள்ளீயத்தின்மேல் உருகிய கண்ணாடியை மிதக்கவிட்டுச் சமதளத் தகடு செய்யும் முறையை, இங்கிலாந்தின் பில்கிங்டன் நிறுவனம் 1959ஆம் ஆண்டு அறிவித்தது. இம்முறையைக் கையாளும் செயின்ட்-கோபைன் நிறுவனத்தின் ஆலை, தாம்பரத்துக்கு மேற்கே உள்ள திருப்பெரும்புதூரில் 2000ஆம் ஆண்டு உற்பத்தியைத் தொடங்கியது. மகிழுந்து ஆலைகள் அமைந்த இருங்காட்டுக்கோட்டையும் ஒரகடமும் அதனை அடுத்தே உள்ளன.

மாற்றுவதற்கு முன்

கடினப்படுத்திய கண்ணாடியை ஒட்டவும் இயலாது. பின்னர் வெட்டவும் இயலாது. வெட்டுகருவி பட்டதுமே அது நொறுங்கும். எனவே உடைந்ததற்கு மாற்று, அதே வண்டிக்கென, அதே கதவுக்கென ஆலையில் உருவான முழுக்கண்ணாடியே ஆகும்.

சிலர் செலவைக் குறைக்கக் கருதி, சாதாரணக் கண்ணாடியை அளவெடுத்து வெட்டிப் பொருத்த முனைவர். பார்வைக்கு இரண்டும் ஒன்றே. விபத்தின்போதுதான் வேறுபாடு தெரியும். அன்று அது பயணியின் கழுத்தருகே நீண்ட கூரிய துண்டுகளாக உடையும். சேமித்த பணத்துக்கு விலையாவது உயிர்.

பெரிய மகிழுந்தில் ஏறி இறங்கும் முன்கதவுக் கண்ணாடி, பின்கதவுக் கண்ணாடி, அசையாத சிறு பக்கக் கண்ணாடி எனப் பல உண்டு. இடப்பக்கம், வலப்பக்கம், வளைவு, துளைகளின் இடம், நிறச்சாயல் ஆகியவற்றை ஒப்பிட்டே வாங்குதல் வேண்டும். கண்ணாடியின் மூலையில் பொறித்துள்ள முத்திரையைப் படித்தறிதல் இன்றியமையாதது. இந்தியத் தர நிர்ணய அமைவனம் வாகனக் கண்ணாடிகளுக்கு வகுத்த தரம் ஐ.எஸ். 2553, இரண்டாம் பகுதி ஆகும். ஐ.எஸ்.ஐ. குறியும், கடினப்படுத்தியதா அடுக்குடையதா என்னும் குறிப்பும் அங்கே காணப்படும். மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989இன் 100ஆம் விதிப்படி, முன், பின் கண்ணாடிகள் குறைந்தது 70 விழுக்காடு ஒளியையும் பக்கக் கண்ணாடிகள் 50 விழுக்காடு ஒளியையும் ஊடுருவவிடல் வேண்டும்.

காப்பீட்டுத் தொகை கோருவோர், பழுது நீக்கும் முன்னரே நிழற்படம் எடுத்துக் காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவித்தல் நன்று. களவுக்காக உடைக்கப்பட்டிருப்பின் காவல் நிலையத்தில் முறையிடல் வேண்டும். புதிய கண்ணாடி வரும்வரை மழைநீர் புகாதவாறு, ஒளிபுகும் நெகிழித் தாளை ஒட்டி வைக்கலாம்.

கதவுக்குள்ளே

முதற்பணி தூய்மை செய்தல். கையுறையும் கண்காப்பும் அணிந்து, பெரிய துண்டுகளைப் பொறுக்கியபின், தூசியுறிஞ்சியால் இருக்கையின் இடுக்குகளைத் துழாவி எடுத்தல் வேண்டும். குழந்தைகள் அமரும் இடத்தை இருமுறை பார்த்தல் நலம்.

அடுத்து, கதவின் உட்புறப் பலகையைக் கழற்றுவர். பட்டறையில் இதனை 'டோர் பேட்' என்பர். கைப்பிடிக் குழிவின் உள்ளே ஒளிந்துள்ள திருகுகளை முதலில் நீக்கி, ஓரங்களில் உள்ள நெகிழிக் கிளிப்புகளை ஒவ்வொன்றாக நெம்பி விடுவித்து, மின்கம்பி இணைப்புகளைப் பிரிப்பர். கதவில் காற்றுப்பை உணரி உள்ள வண்டிகளில் மின்கல இணைப்பைத் துண்டித்து, சிறிது நேரம் பொறுத்த பின்னரே இவ்வேலையைத் தொடங்குவர். பலகைக்குப் பின்னால் ஒரு நெகிழித்தாள் ஒட்டப்பட்டிருக்கும். மழைநீர் வண்டிக்குள் கசியாமல் தடுப்பது அதுவே. ஆதலால் கிழியாமல் உரித்தல் வேண்டும்.

உடைந்த மணிகளுள் பெரும்பகுதி கதவின் அடியில் தங்கியிருக்கும். அங்கே நீர் வடிவதற்கெனச் சிறு துளைகள் உண்டு. மணிகள் அவற்றை அடைத்துக்கொண்டால் மழைநீர் தேங்கும். கதவு உள்ளிருந்தே துருப்பிடிக்கும். வடகிழக்குப் பருவமழையில் நனையும் நம் பகுதிக்கு இஃது இன்றியமையாத குறிப்பு.

பின்னர்ப் புதிய கண்ணாடியைச் சாய்த்து உள்ளிறக்கி, இருபுறமும் உள்ள இரப்பர்த் தடத்தில் பொருந்தவைத்து, ஏற்றி இறக்கும் ரெகுலேட்டரின் பிடிகளோடு பிணைப்பர். கடினப்படுத்திய கண்ணாடியின் முகம் வலியது, விளிம்பு மெலியது. ஆதலால் உலோகம் கண்ணாடியை நேரே தொடாதவாறு இடையில் இரப்பரோ நெகிழியோ இருத்தல் வேண்டும்; திருகை அளவுக்கு மீறி முறுக்கலாகாது. பலகையை மூடும் முன் கண்ணாடியை மெல்ல ஏற்றி இறக்கிப் பார்ப்பர். கோணாமலும் உரசாமலும் அது மேலேறி, 'பீடிங்' எனப்படும் இரப்பர்ப் பட்டையில் படிய வேண்டும். இறுதியாக நெகிழித்தாளை மீண்டும் ஒட்டி, பலகையைப் பொருத்தி, நீரைப் பாய்ச்சிக் கசிவில்லை எனத் தெளிவர்.

பளிக்கறையும் வெள்ளமும்

மணிமேகலைக் காப்பியத்தில் 'பளிக்கறை புக்க காதை' என்றொரு பகுதி உண்டு. உவவனத்தில் உதயகுமரனிடமிருந்து தப்ப, மணிமேகலை பளிங்கு மண்டபத்துள் புகுகிறாள். அவன் அவளைக் காண்கிறான். ஆனால் அணுக இயலவில்லை. காட்டியும் தடுத்தும் நின்ற அச்சுவர் அவளுக்குக் காவலாயிற்று.

வெள்ளத்தில் சிக்கிய மகிழுந்தும் ஒரு பளிக்கறையே; ஆனால் அங்கே உள்ளிருப்பவருக்குக் காவல் சிறையாக மாறிவிடும். 2015ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் நாள் காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பதிவாயிற்று. அடையாறு கரைபுரண்டு முடிச்சூர், வரதராசபுரம் பகுதிகள் நீரில் மூழ்கின. அத்தகைய வெள்ளத்தில் ஒருவர் மகிழுந்தோடு சிக்கினால் என் செய்வது? ஒரு சதுர மீட்டர் பரப்புள்ள கதவின்மீது சராசரியாக அரை மீட்டர் ஆழ நீர் அழுத்தினாலே, அஃது 500 கிலோகிராம் எடைக்கு நிகராகும். கதவைத் தள்ளித் திறத்தல் அரிது. ஆகவே நீர் உயருமுன், மின்னோடி இயங்கும்போதே கண்ணாடியை இறக்கி வெளியேறல் வேண்டும். அது முடியாதபோது உதவுவது கடினப்படுத்திய பக்கக் கண்ணாடியே. கூர்முனைச் சுத்தியலால் அதன் மூலையருகே ஓங்கித் தட்டினால் அது முழுவதும் உதிர்ந்து வழிவிடும். முன்கண்ணாடியை எவ்வளவு அடித்தாலும் எளிதில் வழி கிடைக்காது. சில புதிய வண்டிகளில் பக்கக் கண்ணாடியும் அடுக்குக் கண்ணாடியாகவே வருகிறது. எனவே நம் வண்டியின் எந்தக் கண்ணாடி உடையும், எது உடையாது என்பதை மூலையிலுள்ள முத்திரையைப் படித்து, நல்ல வெயில் நாளிலேயே அறிந்து வைத்தல் வேண்டும்.

நிறைவாக

உடையாமல் இருப்பதே ஒரு பொருளின் சிறப்பு என நாம் எண்ணுகிறோம். கதவுக் கண்ணாடி காற்றையும் மழையையும் தடுத்து நிற்கிறது. தாங்க முடியாத நேரத்தில் எவரையும் ஆழக் கீறாமல் உதிர்கிறது. இடரில் தானே வாயிலாகிறது. இம்மூன்று கடமைகளையும் ஆற்றவல்லதா என்று பார்த்து மாற்றுபவரே கண்ணாடியைச் சரியாக மாற்றியவர் ஆவார். ஓட்டையை அடைத்தவர் எல்லாரும் கண்ணாடியை மாற்றியவர் ஆகார்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் பகுதியில் காணும் பேருந்து அல்லது மகிழுந்தின் முன்கண்ணாடி, பக்கக் கண்ணாடி ஆகியவற்றின் மூலைகளில் உள்ள முத்திரைகளைப் படித்து அட்டவணைப்படுத்துக.
2. கண்ணாடி பொருத்தும் பட்டறைக்குச் சென்று, அங்கு வழங்கும் தொழிற்சொற்களைத் தொகுத்து, அவற்றுக்கு ஏற்ற தமிழ்ச்சொற்களை வகுப்பில் கலந்துரையாடுக.
3. 'வெள்ளத்தில் மகிழுந்து சிக்கினால்' என்னும் தலைப்பில், பொதுமக்களுக்கான ஒரு பக்க விழிப்புணர்வு அறிக்கை எழுதுக.