மூச்சுக்கும் அளவு உண்டு

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பர். உணவுக்கும் மருந்துக்கும் மட்டுமன்றி, இயந்திரம் ஊட்டும் மூச்சுக்கும் இவ்விதி பொருந்துமென்பதை மருத்துவ உலகம் காலந்தாழ்த்தியே உணர்ந்தது.

1952ஆம் ஆண்டில் டென்மார்க்கின் தலைநகரான கொப்பன்ஹேகனில் இளம்பிள்ளை வாதம் கொடுமையாகப் பரவிற்று. தொடக்கத்தில் பழைய சுவாசக் கருவிகளாற் பேணப்பட்ட 31 நோயாளரில் 27 பேர் மாண்டனர். அவ்வேளை பியோன் இப்சன் என்னும் மயக்க மருந்து நிபுணர், தொண்டையில் துளையிட்டுக் குழாய் செலுத்தி, இறப்பர்ப் பையை அமுக்கிக் காற்றூட்டும் முறையைப் புகுத்தினார். ஏறக்குறைய 1,500 மருத்துவ மாணவர் முறைவைத்து இரவுபகலாகப் பையை அமுக்கினர். மரணம் வெகுவாகக் குறைந்தது. மாணவர் கை செய்த பணியைப் பின்னர் இயந்திரங்கள் ஏற்றன.

அந்நோயாளருக்குத் தசைகளே செயலிழந்தன. கடும் நியூமோனியா முதலியவற்றால் சுவாசப்பையே பழுதுற்றவர் நிலை வேறு. அவர்தம் நுண்ணிய காற்றறைகளிற் பல நீர் கோத்து அடைபட்டிருக்கும். எஞ்சிய சிறு பகுதியே காற்றை ஏற்கும். இத்தாலிய மருத்துவர் லூசியானோ கத்தினோனி அதனைக் ‘குழந்தைச் சுவாசப்பை’ என்றார். வளர்ந்தவருக்குரிய காற்றை அதனுட் புகுத்தினால், நலமாயிருந்த அறைகளும் மிகையாக விரிந்து புண்படும். 1974இல் அமெரிக்க ஆய்வாளர் இருவர் எலிகளுக்கு மிகுந்த அழுத்தத்தில் மூச்சூட்டியபோது, ஒரு மணி நேரத்துக்குள் அவற்றின் சுவாசப்பைகளில் நீர் கோத்தது.

ஆயினும் பெருமூச்சு ஊட்டும் வழக்கம் எளிதில் மறையவில்லை. இரத்தத்தில் ஒட்சிசன் உயர்வதைக் கண்டு வைத்தியர்கள் ஆறுதலடைந்தனர். அந்த ஆறுதல் பொய்யென்பதை 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவில் 861 நோயாளரிடம் நடத்திய ஆய்வு காட்டிற்று. ஒரு சாராருக்குக் கிலோகிராமுக்கு 12 மில்லிலீற்றர் வீதமும், மறுசாராருக்கு 6 வீதமும் மூச்சூட்டினர். முதல் நாட்களில் ஒட்சிசன் நிலை பெருமூச்சினருக்கே நன்றாயிருந்தது. ஆனால் அவர்களில் நூற்றுக்கு 40 பேர் வரை இறந்தனர். சிறுமூச்சினரில் 31 பேரே இறந்தனர்.

இங்கே கிலோகிராம் என்பது தராசு காட்டும் நிறையன்று. உயரத்துக்கேற்பக் கணிக்கும் நிறை. உடல் பருத்தாலும் சுவாசப்பை பருப்பதில்லை. 170 சென்ரிமீற்றர் உயரமுள்ள ஆடவர் 90 கிலோ இருந்தாலும், 66 கிலோவெனக் கொண்டு, மூச்சொன்றுக்கு ஏறக்குறைய 400 மில்லிலீற்றரே அளிப்பர். மூச்சு வெளியேறும்போதும் சிறிதளவு அழுத்தத்தை நிறுத்திவைப்பர். இன்றேல் காற்றறைகள் ஒவ்வொரு மூச்சுக்கும் ஒட்டிப் பிரிந்து சிதைவுறும்.

நோய் மிகக் கடுமையாயின், நோயாளரை நாளொன்றுக்குப் பதினாறு மணி நேரமேனும் குப்புறக் கிடத்துவதும் உண்டு. இதனால் காற்று முதுகுப்புற அறைகளுக்கும் பரவும். பிரான்சிலும் ஸ்பெயினிலும் நடைபெற்று 2013இல் வெளியான ஆய்வில், இம்முறையால் 28 நாட்களுக்குள் நேர்ந்த மரணம் நூற்றுக்கு 33இலிருந்து 16ஆகக் குறைந்தது.

ஆதலின், உங்கள் உறவினர் ஒருவர் இயந்திரத்தின் உதவியால் உயிர்க்கும்போது, தாதியர் அளவுநாடா கொண்டு அவர் உயரத்தை அளந்தால் வியப்படையாதீர்கள்; அவரைக் குப்புறக் கிடத்தினால் கலங்காதீர்கள். நெஞ்சு மெல்லவே எழுந்து தாழ்வதைக் கண்டு, காற்று போதவில்லையென எண்ணவும் வேண்டாம். அச்சிறு மூச்சே அவர் சுவாசப்பைக்குக் காவல்.