ஊருக்கு அனுப்பும் கைப்பேசி

சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 55 கிலோமீட்டர் தொலைவில் ஸ்ரீசிட்டி என்னும் தொழில் நகரம் அமைந்துள்ளது. நெடுங்காலம் சித்தூர் மாவட்டத்திலிருந்த சத்தியவேடு வட்டாரம் 2022 ஏப்ரலில் உருவான திருப்பதி மாவட்டத்தில் சேர்ந்தபோது, இந்நகரமும் அதனுள் வந்தது. (சத்தியவேடு 1960 வரை செங்கற்பட்டு மாவட்டத்தில் இருந்தது. திருத்தணி தமிழகத்துக்கு வந்தபோது இது ஆந்திரத்துக்குப் போயிற்று.)

அந்த ஸ்ரீசிட்டியில், ஃபாக்ஸ்கான் ஆலையில், பெரும்பாலும் இளம்பெண்களின் கைகளால் இணைக்கப்பட்ட ரெட்மி 2 பிரைம் என்னும் கைப்பேசியைச் சியோமி நிறுவனம் 2015 ஆகஸ்டு 10 அன்று வெளியிட்டது. இந்தியாவில் உருவான அந்நிறுவனத்தின் முதல் கைப்பேசி அதுவே. விலை 6,999 ரூபாய். நம் பகுதியில் பிறந்த பொருள் என்று பலரும் மகிழ்ந்தனர், மகிழ வேண்டியதே. ஆயினும் அதனுள் இருந்த மென்பொருள் ஆண்ட்ராய்ட் 4.4. அடுத்த பதிப்பாகிய 5.0 அதற்கு முந்திய நவம்பரிலேயே வெளிவந்துவிட்டது. பெட்டியைப் பிரிக்கும்போதே மென்பொருள் ஒன்பது மாதம் பின்தங்கியிருந்தது என்பதே இதன் பொருள். இன்று ஆண்ட்ராய்ட் 4.4 உள்ள எக்கருவியிலும் வாட்ஸப் இயங்குவதில்லை.

இத்தாமதம் ஏன்? கைப்பேசியை இணைப்பது ஓரிடம். அதன் மென்பொருளைப் புதுப்பிக்கும் அதிகாரம் வேறோரிடம். கூகுள் புதிய பதிப்பை வெளியிட்டதும், குவால்காம், மீடியாடெக் போன்ற சில்லு நிறுவனங்கள் தத்தம் சில்லுக்கு ஏற்ப அதைச் சரிசெய்ய வேண்டும். பிறகு கைப்பேசி நிறுவனம் தன் அலங்காரங்களைப் பூட்ட வேண்டும். அதன்பின் சோதனை. பழைய சில்லுக்காகச் சில்லு நிறுவனம் உழைக்க மறுத்தால் கதை அங்கேயே முடிந்துவிடும். 2017இல் ஆண்ட்ராய்ட் 8உடன் கூகுள் இப்படிகளைப் பிரித்து வேலையை எளிதாக்கியது உண்மை. எனினும், விற்றுத் தீர்ந்த மலிவு விலைக் கைப்பேசிக்காகப் பொறியாளர்களை அமர்த்துவதில் இலாபம் இல்லை. என் கருத்தில், தாமதத்தின் வேர் தொழில்நுட்பத்தில் இருப்பதைவிட இந்தக் கணக்கில்தான் அதிகம் இருக்கிறது.

புதிய அழகுகள் வராமற்போனால் போகட்டும். ஆனால் 2015 ஜூலையில் ஸ்டேஜ்ஃபிரைட் என்ற ஓட்டை வெளிப்பட்டது. தீய நோக்குடன் அனுப்பப்படும் ஒரு படச்செய்தியே கைப்பேசியைப் பிறர் கைக்கு மாற்றப் போதுமாயிருந்தது. அதன் விளைவாகவே, மேற்சொன்ன கைப்பேசி வெளிவந்த அதே ஆகஸ்டு மாதத்தில், மாதந்தோறும் பாதுகாப்புத் திருத்தம் வெளியிடும் வழக்கத்தைக் கூகுள் தொடங்கியது. கூகுள் வெளியிடுகிறது, நம் பெற்றோரின் கருவிக்கு அது வந்து சேர்கிறதா என்பதே கேள்வி.

விரைவும் தனியே நன்மை தந்துவிடாது. விரைந்த புதுப்பிப்பு என்ற உறுதியோடு ஆண்ட்ராய்ட் ஒன் திட்டத்தில் விற்கப்பட்ட மி ஏ3 கைப்பேசிக்கு, ஆண்ட்ராய்ட் 10 மாதக்கணக்கில் தாமதித்து 2020இல் வந்து, கோளாறினால் நிறுத்தப்பட்டது. அடுத்து வந்த ஆண்ட்ராய்ட் 11 பல கருவிகளை அடியோடு செயலிழக்கச் செய்தது. 2021 தொடக்கத்தில் நிறுவனமே அவற்றை இலவசமாகச் சரிசெய்து தருவதாக அறிவிக்க நேர்ந்தது.

நெதர்லாந்து நுகர்வோர் சங்கம் இவ்விஷயத்தில் சாம்சங் மீது வழக்குத் தொடுத்து 2018இல் தோற்றது. ஆனால் காலம் திரும்பியிருக்கிறது. பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல், பாதுகாப்புத் திருத்தம் எவ்வளவு காலம் கிடைக்கும் என்பதை நிறுவனங்கள் வெளிப்படையாகக் கூறியாக வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2025 ஜூன் 20 முதலான விதிகள், ஒரு மாதிரி சந்தைக்கு வருவது நின்ற பின்னும் குறைந்தது 5 ஆண்டு புதுப்பிப்புக் கிடைக்க வழி செய்கின்றன. கூகுளும் சாம்சங்கும் தம் உயர்விலைக் கருவிகளுக்கு 7 ஆண்டு என்கின்றன. 2024இல் வந்த கேலக்ஸி ஏ16 5ஜி போன்ற நடுத்தர விலைக் கருவிக்கும் 6 ஆண்டு உறுதி கிடைத்தது.

இங்கே நாம் புதுக் கைப்பேசி வாங்கியதும் பழையதைச் சித்தூரிலுள்ள தாயாருக்குக் கொடுத்தனுப்புவது நம்மவர் இல்லங்களில் வழக்கம். அதில்தான் ஓய்வூதியச் செய்தியும் வங்கிக் கணக்கும் திருமலைத் தரிசனச் சீட்டும் வருகின்றன. அனுப்புமுன் ‘அமைப்புகள்’ பகுதியில், ‘கைப்பேசியைப் பற்றி’ என்ற இடத்தில், பாதுகாப்புத் திருத்தத்தின் தேதியைப் பாருங்கள். ஏற்கெனவே அனுப்பியாயிற்று என்றால், அடுத்த முறை பேசும்போது அத்தேதியை அவரையே படித்துச் சொல்லச் சொல்லலாம். ஓராண்டுக்கு மேல் பழையதாயிருந்து, புதிதாக எதுவும் வரவில்லையானால், பேச்சுக்கும் பேரப்பிள்ளைகளின் படத்துக்கும் அக்கருவி இருக்கட்டும். வங்கிச் செயலியை மட்டும் அதிலிருந்து எடுத்துவிடச் சொல்லுங்கள்.