முறியும் இடம் எது? பந்தயக் காரின் பின் இருசு சொல்லும் பாடம்

சாலையோரம் நிற்கும் ஒரு லாரியின் பின்புறத்தைச் சற்றுத் தள்ளி நின்று குனிந்து பாருங்கள். இரண்டு பின்சக்கரங்களையும் இணைக்கும் தடித்த இரும்புக் குழாயின் நடுவில், பூசணிக்காய் போன்ற ஓர் உருண்டை தெரியும். முன்னாலிருந்து வரும் நீண்ட தண்டு ஒன்று அதற்குள் நுழைவதையும் காணலாம். இந்த அமைப்பு முழுவதையும் 'ஆக்சில்' என்று பட்டறைகளில் சொல்வார்கள். தமிழில் இதனைப் பின் இருசு எனலாம்.

எஞ்சினில் பிறக்கும் சக்தி சக்கரத்தைச் சேருமுன் கடக்கும் கடைசி வாசல் இதுதான். அமெரிக்காவில் வேகக் கார்ப் பிரியர்கள் பலர், தொழிற்சாலையில் பொருத்தி வந்த பின் இருசைக் கழற்றிவிட்டு, வேறு நிறுவனங்கள் செய்து விற்கும் வலிமையான இருசு ஒன்றைப் பொருத்திக்கொள்கிறார்கள். ஓடுகிற காரில் நல்ல நிலையில் இருக்கும் உறுப்பை ஏன் மாற்ற வேண்டும்? இந்தக் கேள்விக்கு விடை தேடினால், நீங்கள் வகுப்பில் படிக்கும் இயற்பியலே அதற்குள் ஒளிந்திருப்பது தெரியும்.

உருண்டைக்குள் என்ன இருக்கிறது?

எஞ்சினிலிருந்து வரும் தண்டு காரின் நீளவாக்கில் சுழல்கிறது. சக்கரமோ அதற்குக் குறுக்காகச் சுழல வேண்டும். ஆகவே சுழற்சியை ஒரு செங்கோணம் திருப்பியாக வேண்டும். இந்த வேலையை இரண்டு பற்சக்கரங்கள் செய்கின்றன. தண்டின் முனையில் இருக்கும் சிறியது பினியன். அது சுழற்றும் பெரிய வளையம் கிரௌன். பினியனுக்கு 9 பற்களும் கிரௌனுக்கு 37 பற்களும் இருந்தால், தண்டு 4.11 முறை சுற்றும்போது சக்கரம் ஒருமுறை சுற்றும். வேகம் குறைகிறது. ஆனால் திருப்புத்திறன் அதே 4.11 மடங்கு கூடுகிறது. நெம்புகோலின் விதிதான் இங்கே வட்ட வடிவில் வேலை செய்கிறது.

இதற்குள் இன்னொரு கருவியும் உண்டு. கார் வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும். எவ்வளவு அதிகம்? சக்கரங்களுக்கிடையே 1.5 மீட்டர் இடைவெளி இருந்தால், கார் ஒரு முழு வட்டம் அடிக்கையில் வெளிச்சக்கரம் சுமார் 9.4 மீட்டர் கூடுதலாக ஓடும். வட்டம் சிறிதானாலும் பெரிதானாலும் இந்த எண் மாறாது! ஏன் என்று நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். இரு சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் கருவியே டிஃபரென்ஷியல். பிரான்சு நாட்டுக் கடிகாரக் கைவினைஞர் ஒனேசிஃபோர் பெக்கர் 1820-களின் பிற்பகுதியில், நீராவி வண்டிக்காக இதற்குக் காப்புரிமை பெற்றார்.

கணக்கு என்ன சொல்கிறது?

ஓர் உண்மையான காரை எடுத்துக்கொள்வோம். 1987-ஆம் ஆண்டின் ஃபோர்டு மஸ்டாங், 5 லிட்டர் எஞ்சின் கொண்டது. அந்த எஞ்சினின் உச்சத் திருப்புத்திறன் சுமார் 407 நியூட்டன்-மீட்டர். முதல் கியரில் இது 3.35 மடங்காகிறது. பின் இருசில் 3.08 என்ற விகிதம் இருந்தால் மேலும் 3.08 மடங்காகிறது. உராய்வு இழப்பை விட்டுவிட்டுப் பெருக்கினால் 4,200 நியூட்டன்-மீட்டர் கிடைக்கும். 3.08-க்குப் பதிலாக 4.11 விகிதப் பற்சக்கரங்களைப் பொருத்தினால் இது 5,600-ஐத் தொடும். எஞ்சினைத் தொடாமலே சக்கரத்தில் மூன்றில் ஒரு பங்கு திருப்புத்திறன் கூடிவிட்டது!

அப்படியானால் பழைய இருசு உடனே முறிந்துவிடுமா? இல்லை. இங்கேதான் ஒரு வேடிக்கை இருக்கிறது. புறப்படும் நேரத்தில் பின்சக்கரங்கள் 800 கிலோகிராம் எடையைத் தாங்குவதாக வைத்துக்கொள்வோம். சாதாரண டயரின் உராய்வுக் கெழு 0.8, சக்கரத்தின் ஆரம் 0.32 மீட்டர் என்று கொண்டால், தரை தாங்கக்கூடிய திருப்புத்திறன் ஏறத்தாழ 2,000 நியூட்டன்-மீட்டர்தான். அதற்கு மேல் கொடுத்தால் டயர் வழுக்கிச் சுழலும், புகையும். இருசு தப்பித்துக்கொள்ளும். வீட்டு மின்சாரத்தில் ஃபியூஸ் கம்பி செய்யும் வேலையை இங்கே டயர் செய்கிறது.

இப்போது அதே காரில் வழவழப்பான, ஒட்டும் தன்மையுள்ள பந்தய டயரை மாட்டுங்கள். உராய்வுக் கெழு 1.5 ஆகிறது. கார் பாய்ந்து கிளம்புவதால் எடை பின்னால் சாய்ந்து, பின்சக்கரங்களின் பங்கு 1,000 கிலோகிராம் ஆகிறது. இந்த டயரின் ஆரத்தை 0.33 மீட்டர் என்று கொண்டால், தரை இப்போது 4,850 நியூட்டன்-மீட்டர் வரை பிடித்து நிற்கும். ஃபியூஸ் கம்பியை எடுத்துவிட்டுத் தடித்த செப்புக் கம்பியைக் கட்டியதுபோல் ஆகிவிட்டது. அதிர்ச்சி முழுவதும் இருசின் மேல் விழுகிறது. டயரை மேம்படுத்தியவர், முறியும் இடத்தை டயரிலிருந்து இருசுக்கு மாற்றிவிட்டார்!

கனத்தில் ஒளிந்திருக்கும் வலிமை

இருசுக் குழாயின் உள்ளே, நடுவிலிருந்து ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஓர் எஃகுத் தண்டு செல்கிறது. அதன் முனையில் நீளவாக்கில் வரிப்பற்கள் வெட்டப்பட்டிருக்கும். அந்த மஸ்டாங் தண்டில் 28 வரிப்பற்கள், விட்டம் சுமார் 31 மில்லிமீட்டர். கடைகளில் கிடைக்கும் 31 பல் தண்டின் விட்டம் 34 மில்லிமீட்டர். 35 பல் தண்டு 38 மில்லிமீட்டர். 'வெறும் 7 மில்லிமீட்டர்தானே கூடுகிறது' என்று நினைக்கிறீர்களா? முறுக்கைத் தாங்கும் வலிமை விட்டத்தின் மும்மடியைப் பொறுத்தது. 38-ஐ 31-ஆல் வகுத்து, விடையை மும்மடியாக்குங்கள். 1.84 வரும். விட்டம் நூற்றுக்கு 23 கூடினால், வலிமை நூற்றுக்கு 84 கூடுகிறது. விட்டம் இரண்டு மடங்கானால் வலிமை எட்டு மடங்கு.

வலிமையைவிட முக்கியமான இன்னொன்று பாதுகாப்பு. அந்த மஸ்டாங் இருசில், சக்கரத் தண்டு வெளியே வராமல் தடுப்பது உருண்டைக்குள் இருக்கும், ஆங்கில 'சி' எழுத்தைப் போன்ற ஒரு சின்னப் பூட்டு வளையமே. தண்டு நடுவில் முறிந்தால், வெளிப்பாதியைப் பிடித்து நிறுத்த எதுவும் இல்லை. தண்டோடு சக்கரமும் கழன்று ஓடிவிடக்கூடும். மணிக்கு 150 கிலோமீட்டர் வேகத்தில் இது நேர்ந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. ஆகவேதான் அமெரிக்காவின் தேசிய ஹாட் ராட் சங்கம், தான் நடத்தும் நேர்கோட்டுப் பந்தயங்களில் அதிவேகக் கார்களுக்கு இந்தப் பூட்டு வளையத்தை மட்டும் நம்பக் கூடாது என்று விதி வைத்திருக்கிறது.

இதற்கு மாற்றாகப் பலர் நாடுவது ஃபோர்டின் '9 அங்குல' இருசு. கிரௌனின் விட்டம் 9 அங்குலம் என்பதால் இந்தப் பெயர். 1957 முதல் 1986 வரை ஃபோர்டு வண்டிகளில் வந்தது. ஃபோர்டு கைவிட்ட பின்பும் அதன் எல்லா உறுப்புகளையும் வேறு நிறுவனங்கள் இன்றுவரை புதிதாகச் செய்து விற்கின்றன. இதில் சக்கரத் தண்டு சக்கரத்தின் அருகிலேயே ஒரு தகட்டால் இறுக்கிப் பிடிக்கப்படுகிறது. தண்டு முறிந்தாலும் சக்கரம் ஓடிப்போகாது. பினியனை இரண்டு பேரிங்குகளுக்குப் பதிலாக மூன்று தாங்குகின்றன. ஆனால் இலவசமாக எதுவும் கிடைப்பதில்லை. இதன் பற்கள் ஒன்றின்மேல் ஒன்று அதிகமாக வழுக்குவதால், உராய்வில் சிறிது சக்தி வீணாகிறது.

பொருத்தும் கலை

சரி, இருசை எப்படி மாற்றுகிறார்கள்? முதலில் காரை ஜாக்கால் தூக்கி, உறுதியான முட்டுகளின் மேல் நிறுத்துகிறார்கள். ஜாக்கை மட்டும் நம்பி எவரும் காரின் அடியில் போகக் கூடாது. பிறகு சக்கரங்கள், பிரேக் குழாய்கள், நீளத் தண்டு, அதிர்ச்சி தாங்கிகள், சுருள்வில்கள், இருசைச் சட்டத்தோடு பிடிக்கும் நான்கு கைகள் என்று வரிசையாகக் கழற்றுகிறார்கள். பழைய இருசை இறக்கிப் புதியதை ஏற்றுவது தோள்பலத்தின் வேலை. அதற்குப் பின்தான் மூளையின் வேலை தொடங்குகிறது.

முதலாவது, பற்களின் இடைவெளி. பினியன் பல்லுக்கும் கிரௌன் பல்லுக்கும் இடையே ஏறத்தாழ 0.2 முதல் 0.3 மில்லிமீட்டர் தளர்வு இருக்க வேண்டும். இது இரண்டு மூன்று தாள்களின் கனம்தான்! குறைந்தால் எண்ணெய்ப் படலம் தங்க இடமின்றிப் பற்கள் சூடேறித் தேயும். கூடினால் ஒவ்வொரு பாய்ச்சலிலும் பல் பல்லைச் சம்மட்டிபோல் அடிக்கும். இடைவெளியை டயல் அளவியால் அளந்து, மெல்லிய தகடுகளைச் சேர்த்தும் எடுத்தும், அல்லது பக்கத் திருகுவளையங்களைத் திருப்பியும் சரிசெய்கிறார்கள். பின்னர் பற்களில் மஞ்சள் நிறப் பசையைத் தடவிச் சுழற்றுகிறார்கள். பசை விலகிய இடம் பல்லின் நடுவில் அமைந்தால் சரி. ஓரத்தில் இருந்தால் மறுபடியும் பிரிக்க வேண்டியதுதான்.

இரண்டாவது, கோணம். நீளத் தண்டின் இரு முனைகளிலும் சிலுவை வடிவ மூட்டுகள் உண்டு. சாய்வாக நிற்கும் மூட்டு ஒன்று, ஒரு சுற்றுக்குள் இரண்டு தடவை வேகம் கூடியும் குறைந்தும் சுழற்சியைத் தரும். இரு முனைகளிலும் சாய்வு சமமாக இருந்தால் ஒன்றின் குறையை மற்றொன்று நீக்கிவிடும். சமமில்லாவிட்டால் கார் முழுவதும் அதிரும். அதோடு, முழு வேகத்தில் பாயும்போது பினியனின் முனை மேல்நோக்கி எழ முயலும். இதற்காக முன்கூட்டியே அதனைச் சிறிது கீழே சாய்த்து வைப்பார்கள்.

மூன்றாவது, பலரும் மறப்பது. அந்த மஸ்டாங்கில் வேகமானி, கியர்ப் பெட்டியிலிருந்து வெளிவரும் தண்டின் சுற்றுகளை எண்ணித்தான் வேகத்தைக் காட்டுகிறது. 3.08 விகிதத்துக்குப் பதில் 4.11 போட்டால், உண்மையில் 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் காரில் முள் 80-ஐக் காட்டும்! வேகமானியை இயக்கும் சின்னப் பிளாஸ்டிக் பற்சக்கரத்தையும் மாற்றியாக வேண்டும். பிரேக் குழாய்களில் புகுந்த காற்றை வெளியேற்றாமல் காரைக் கிளப்பினாலோ, மிதித்தாலும் கார் நிற்காது.

முறிவு எங்கே போயிற்று?

புதிய இருசு வந்தாயிற்று. இனி எதுவும் முறியாதா? யோசித்துப் பாருங்கள். முதலில் டயர் வழுக்கியது. டயரை மாற்றியதும் இருசு முறிந்தது. இருசை மாற்றியதும், அடுத்து நீளத் தண்டின் மூட்டோ, கியர்ப் பெட்டியோ அதே அதிர்ச்சியை வாங்கும். சங்கிலியில் ஒரு கண்ணியைப் பலப்படுத்தினால், அடுத்த பலவீனமான கண்ணி வெளியே தெரிகிறது. முறிவு மறையவில்லை, இடம் மாறுகிறது. நல்ல பொறியாளர் 'இதை எப்படி வலிமையாக்குவது?' என்று மட்டும் கேட்பதில்லை. 'அப்படிச் செய்தால் அடுத்து எது முறியும்? அது முறிந்தால் ஆளுக்கு ஆபத்தா, பணத்துக்கு மட்டும் நட்டமா?' என்றும் கேட்கிறார்.

நீங்களும் ஒரு சோதனை செய்யலாம். ஒரு முழுச் சாக்பீஸை எடுத்து, வளைக்காமல் இரு கைகளாலும் எதிரெதிர்த் திசையில் முறுக்குங்கள். அது நேராக ஒடியாது. திருகாணியின் புரிபோல், ஏறத்தாழ 45 பாகைச் சாய்வில் ஒடியும். இன்னொன்றின் நடுவில் பிளேடால் சுற்றிலும் ஒரு மெல்லிய பள்ளம் சுரண்டி, மறுபடியும் முறுக்குங்கள். இம்முறை எவ்வளவு எளிதாக ஒடிகிறது, எந்த இடத்தில் ஒடிகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். விட்டத்தின் மும்மடி என்பது என்ன என்று உங்கள் விரல்களே சொல்லிவிடும்.