உயரமான காட்டில் எளிய நடை: இதய நோயாளிகள் கவனத்திற்கு

அமெரிக்காவின் தென்மேற்கே, அரிசோனா மாநிலத்தின் பிளாக்ஸ்டாஃப் நகரைச் சூழ்ந்த பாண்டரோசா பைன் காடு ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்குள்ள சுற்றுப்பாதை சமதளமாக இருந்தாலும், மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜன் கடல்மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் குறைவு. இதயம் விரைந்து துடிக்கும். வறண்ட காற்றில் வியர்வை உடனே உலர்வதால் நீரிழப்பும் புலப்படாது.

பிள்ளைகளைக் காண அங்கே செல்லும் இதய நோயாளிகள், அருந்தும் நீரின் அளவையும் மாத்திரைகளின் அளவையும் புறப்படும் முன்பே மருத்துவரிடம் கேட்டறிய வேண்டும். முதல் இரண்டு நாள்கள் ஓய்வெடுங்கள். பின்னர் துணையுடன் நடங்கள்.

சுற்றுப்பாதையில் பாதியைக் கடந்தபின் வந்த வழியே திரும்புவதால் தொலைவு குறையாது. ஆகவே, தொடக்கத்திலேயே பேச இயலாதபடி மூச்சு வாங்கினால் அமர்ந்து இளைப்பாறித் திரும்பிவிடுங்கள். நெஞ்சுவலியோ மயக்கமோ நேர்ந்தால், நடப்பதை நிறுத்தி உடனே 911 எண்ணை அழையுங்கள்.