பயிற்சி முடிந்த பிறகு

மருதனார்மடத்தில் எமது மாதர் சங்கத்தில் சான்றிதழ் இல்லாத பெண்ணே இல்லை எனலாம். 2009இல் யுத்தம் முடிந்தபின் தையல், பழப்பாகு, கணக்குப் பதிவு என்று பயிற்சிகள் நிறைய வந்தன. மதியச் சாப்பாடும் பஸ் காசும் தந்தார்கள். தைத்ததை யார் வாங்குவார் என்று மட்டும் எவரும் சொல்லித்தரவில்லை. நிதி முடிய, நிறுவனங்களும் ஒவ்வொன்றாகப் போயின.

பின்னர் நுண்கடன் வந்தது. கிழமைதோறும் படலையில் ஆள் நிற்கும். ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன். 2018இல், வறட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் பெண்கள் பெற்ற ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களுக்கு அரசாங்கமே நிவாரணம் அறிவிக்க வேண்டியதாயிற்று.

எங்களைத் தாங்கியது மாதக் கூட்டத்தில் ஆளுக்கு நூறு ரூபாவாகச் சேர்த்த சுழற்சி நிதிதான். பழகியவற்றுள் கணக்குப் பதிவு வீண்போகவில்லை. கணவரை இழந்த ஒரு சகோதரி, எட்டாம் வகுப்போடு நின்றவர், காசேட்டை ஒரு சதம் பிசகாமல் எழுதுகிறார். உதவி கேட்டு எங்கே போனாலும் முதலில் பார்ப்பது பதிவுச் சான்றையும் கூட்ட அறிக்கையையும் அந்தக் காசேட்டையும்தான்.

சகோதரிகளே, அடுத்த பயிற்சிக்கு அழைத்தால், செய்த பொருளை எந்தக் கடை எடுக்கும் என்று முதல் நாளே கேளுங்கள். எங்கள் மிளகாய்த்தூளைச் சந்தையடியில் இரண்டு கடைக்காரர் எடுக்கிறார்கள். பைக்கட்டில் ஒட்டப் பெயர்த்துண்டு அடிக்கத்தான் இன்னும் காசு சேரவில்லை.