பிழைத்த கணக்கு

உம்மம்மா கண் சிகிச்சைக்காக மாமாவோடு பலாலியிலிருந்து சென்னைக்குப் புறப்பட்டார். நேர்கோட்டுத் தூரம் ஏறக்குறைய 355 கிலோமீற்றர். ஏடிஆர் 72 விமானத்தின் கதி மணிக்குச் சுமார் 500 கிலோமீற்றர். "43 நிமிடத்தில் இறங்கிவிடுவார்" என்று உம்மாவிடம் சொன்னேன். ஒரு மணித்தியாலம் கடந்தும் அழைப்பு வரவில்லை. உம்மா தஸ்பீஹோடு வாசலில் நின்றார்.

பிழை என் கணக்கில்தான். அந்த 500, உயரத்தில் சீராகப் பறக்கும்போதுள்ள கதி. ஓடுபாதை வரை ஊர்வது, மேலேறுவது, இறங்குமுன் கதி குறைப்பது, ஓடுபாதைக்கு நேராகத் திரும்புவது எதையும் நான் சேர்க்கவில்லை. அட்டவணை நேரமோ தரிப்பிடத்தை விட்டு நகர்வதிலிருந்து மறு தரிப்பிடத்தில் நிற்பது வரையானது. இப்பயணத்துக்குச் சுமார் ஒன்றேகால் மணித்தியாலம். தூரம் குறையக் குறைய இவ்வித்தியாசம் பெரிதாகத் தெரியும்.

கடைசியில் மாமா அழைத்தார். உம்மம்மா திரும்பி வரும் நாளில் உம்மாவுக்கு அட்டவணையைத்தான் வாசித்துக் காட்டினேன்.